ஒரு பக்கம் மொட்டையாய் நின்ற மரம்

அன்பு மகள் கிருஷ்ணப்ரியாவுக்கு, அம்மா எழுதுவது. கடவுள் புண்ணியத்தில் நானும் அப்பாவும் இங்கே மராத்திக்காரர் ஊரான போபோடியில் சுகம், அந்தப் பின்லாந்துப் பனியில் நீயும் சளி இருமல் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். போனில் பேசினால் நீ அவசரத்தில் இருப்பாய், எனக்கும் சொல்ல வந்தது பாதியில் நின்றுபோகும், அதனால்தான் கடிதம். எழுத்துக்கூட்டியாவது முழுக்கப் படித்துவிடு. அப்பாவுக்கு முட்டிவலி தேவலை, ஆனால் லிப்ட் ரிப்பேர் என்று மூன்று நாள் படியேறியதில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு இருக்கிறார். நீ தனியாகக் காட்டுக்குள் போகும்போது யாரிடமாவது சொல்லிவிட்டுத்தான் போகிறாயா?

விஷயத்துக்கு வருகிறேன். நம் பால்கனிக்கு நேரே ஒரு கிறிஸ்துமஸ் மரம் நிற்கிறதே, அதை வெட்டச் சொல்லி ஆடி மாதம் நம் குடியிருப்பு சொசைட்டியில் எழுதிக் கொடுத்தது நான்தான். பம்ப் ரூம் பக்கம் பாதி உயரத்துக்கு ஒரு கிளை கிடையாது, மொட்டை. இந்தப் பக்கமோ கீழிருந்து மேல்வரை நம் வீட்டைப் பார்த்துக் கை நீட்டிக்கொண்டு நிற்கிறது. நோய் பிடித்த மரம், காற்றடித்தால் நம் தலையில்தான் விழும் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். செயலாளர் ரஃபீக் பாயும் பத்துப் பேர் கையெழுத்து வாங்கி மாநகராட்சிக்கு அனுப்பினார், அவர்களும் வந்து மரத்தில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள், ஆட்சேபம் இருந்தால் ஏழு நாளைக்குள் சொல்லலாம் என்று.

ஐந்தாம் நாள் என் போனில் இடமில்லை என்று அப்பா பழைய படங்களை அழிக்க உட்கார்ந்தார். சித்திரையில் நீ அனுப்பிய இங்கிலீஷ் கட்டுரை அதில் கிடந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அன்றைக்கு நான் அதைத் திறக்கவே இல்லை, கைகூப்பும் படம் ஒன்றைத் தட்டிவிட்டுக் குழம்புக்குத் தாளிக்கப் போய்விட்டேன். இப்போது திறந்தால் நான்காம் பக்கத்துப் படத்தில் அச்சாக நம் மரம் போலவே ஒன்று! அதே மொட்டை, அதே நீட்டல். ஓடிப்போய் மாடிவீட்டு வைஷாலியிடம், யாரோ அனுப்பியது, கொஞ்சம் அர்த்தம் சொல்லு என்று நீட்டினேன். உனக்குத்தான் தெரியாதே, இந்த ஆறு வருஷமாக நீ கம்ப்யூட்டர் வேலையில் இருப்பதாகத்தான் இங்கே எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். அவளைப் போலவே மகர்பட்டா கம்ப்யூட்டர் கம்பெனிகளில் உட்கார்ந்து சம்பாதிக்கும் பிள்ளைகள் நடுவே, என் பெண் காட்டில் மரம் அளக்கிறாள் என்று சொல்ல வாய் வரவில்லையடி. முதல் வரியிலேயே கிருஷ்ணப்ரியா துரைசாமி என்று உன் பெயர்! வைஷாலி என் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு, பொறுமையாக இந்தியில் சொன்னாள்.

இரண்டு ஊசியிலை மரங்கள் நெருங்கி நின்றால் ஒன்றின் நிழல் மற்றதன் மேல் விழும், நிழலில் மாட்டிய கீழ்க்கிளைகள் காய்ந்து உதிரும், வெளிச்சம் இருக்கும் பக்கம் கிளை நீளும், நெருக்கம் கூடக் கூட மரம் ஒல்லியாக மேலே ஓடும், தனியாக நிற்பதுதான் தரைவரை பாவாடை விரித்தாற்போல் நிற்கும் என்றாள். பக்கத்து மரம் போய்விட்டாலும் காய்ந்த கிளைக்குப் பதில் அங்கே பெரும்பாலும் புதுக்கிளை வராதாமே. அப்போதுதான் பொறி தட்டியது. பம்ப் ரூம் கட்டும்போது அங்கே ஒட்டிநின்ற ஜோடி மரத்தை வெட்டினார்களே! மரத்துக்கு நோயும் இல்லை நொடியும் இல்லை, பக்கத்தில் ஒருத்தன் நின்ற அடையாளம் அது. எத்தனை குளிரில் நின்று எத்தனை மரத்தை அண்ணாந்து பார்த்து இதைக் கண்டுபிடித்து எழுதினாயோ, எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாளே ஆட்சேபம் எழுதிக் கொடுத்தேன். எழுதிக் குடுத்ததும் நீ, இப்ப தடுக்கதும் நீயா என்று அப்பா சிரித்த சிரிப்பில் முட்டிவலி பறந்துவிட்டது. ரஃபீக் பாய்க்குக் கோபம், பத்துப் பேர் கையெழுத்துக்கு என்ன மரியாதை என்றார், நியாயம்தானே. சனிக்கிழமை மாநகராட்சி அதிகாரி வந்தார். அடிமரத்தைத் தட்டினார், வேரோரம் மண்ணைக் கிளறினார், நான் காட்டிய பழைய அடிக்கட்டையையும் பார்த்தார். மரம் திடமாக இருக்கிறது, வெட்ட வேண்டாம், காய்ந்த குச்சிகளை மட்டும் எடுங்கள் என்று எழுதிவிட்டு, இதெல்லாம் உங்களுக்கு யார் சொன்னது என்று கேட்டார். சொசைட்டி மொத்தமும் சுற்றி நின்றது. மாஜி முல்கி ஜாட மோஜ்தே என்றேன். என் மகள் மரம் அளக்கிறவள் என்று, தெருவுக்கே கேட்கும்படி. என் மராத்திக்கு ஒருத்தரும் சிரிக்கவில்லை.

ஆறு வருஷம் உன் வேலையை ஒளித்து வைத்ததற்கு அம்மாவை மன்னித்துக்கொள். மீனாட்சி அம்மன் துணையிருக்க நீ நூறாண்டு நன்றாக இருப்பாய். இரவில் பாதாம் ஊறப்போட மறக்காதே, காதை மூடாமல் வெளியே போகாதே. என்றைக்காவது அங்கே யாராவது உன் அம்மாவைப் பற்றிக் கேட்டால், பொய் சொன்னவள் என்று சொல்லிவிடாதே கண்ணு, வெட்டச் சொன்னவளே என் எழுத்தைப் படித்துவிட்டுப் போய் நிறுத்தினாள் என்று சொல்.

ஆசிகளுடன்,
உன் அம்மா
மங்கையர்க்கரசி