இரண்டு பேருக்கான காற்று

நாள் 301. காலை 6:10
செவ்வாய்க் கிரக உப்பளம், மூன்றாம் கூடாரம். எழுதுவது தங்கப்பழம், வயது எழுபத்தொன்று, ஊர் தூத்துக்குடி. பாத்திகள் பன்னிரண்டும் நலம். உப்புநீர் காய்கிறது. ஆவியைப் பிடித்துக் குடிநீராக்கும் குழாயும் நலம். காற்று செய்யும் இயந்திரம் மட்டும் நின்றுவிட்டது. மாற்றுப் பாகத்தோடு விண்கப்பல் 313ஆம் நாள் வருகிறது. சேமிப்பில் உள்ள காற்று ஒரு ஆளுக்குப் பதினெட்டு நாள் வரும். இங்கே நான் ஒருவன்தான். கவலையில்லை.
இதுவரை குறிப்பைக் குரலில்தான் சொன்னேன். எழுத்துக் கற்று மூன்று மாதம் ஆகிறது. இனி என் கையால்தான். இவ்வளவு எழுதுவதற்குள் ஒரு பாத்தியே காய்ந்துவிடும் போலிருக்கிறது. என்ன சுகம்!

நாள் 302. காலை 7:00
குறிப்பில் எதையும் மறைக்கக் கூடாது என்பது விதி. மறைக்கவில்லை. கனவில் ஒருத்தி வருகிறாள். முழங்கால் அளவு உப்புநீரில் நின்று ஒரு வரி சொல்வாள். விழித்ததும் எழுதிவிடுவேன். பகலில் நான் உப்பு வாரும்போது வரப்பில் உட்கார்ந்திருப்பாள். ‘அழகான’ என்று எழுதினால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அந்தச் சொல்லை அழித்தால்தான் என்னைப் பார்ப்பாள். நேற்று வந்த பாட்டு வரிகள்:
மழையைத் திட்டியே வளர்ந்தவன் நான்,
இங்கே ஒரு தூறலுக்கு ஏங்குகிறேன்.
நானா எழுதினேன்? ஆமாம், இந்தக் கைதான்.

நாள் 303. பகல் 11:40
மூன்று நாளாக இரண்டு ஆள் அளவு காற்று செலவாகிறது. பூமியிலிருந்து என்னைக் கவனிக்கும் டாக்டர் எஸ்கலின் பேசினார்:
“தாத்தா, எங்கயோ ஓட்டை இருக்கு. தேடுங்க. பாட்டெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்.”
கூடாரத்தின் தையல் நெடுக ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். எங்கும் நூல் இழுபடவில்லை. பதில் அனுப்பினேன்:
“ஓட்டை கீட்டை ஒண்ணுமில்ல பிள்ள. இங்க ரெண்டு பேர் இருக்கோம்லா.”

நாள் 304. காலை 9:15
எஸ்கலின்:
“அங்க யாரும் இல்ல தாத்தா. அவ வந்தா நீங்கதான் ரெண்டு பங்கு மூச்சு வாங்குதீய. இப்படியே போனா ஆறு நாள்தான் தாங்கும். கப்பல் வர ஒம்பது நாளாவும். கனவை நிறுத்துத ஊசி மருந்துப் பெட்டில இருக்கு, இன்னைக்கே போடுங்க. அது புதுசா படிச்சதையும் அழிச்சிரும், எழுத்து மறந்து போவும்தான். ஊருக்கு வாங்க, நானே திரும்பச் சொல்லித் தாரேன்.”
நான்:
“நீயா? நீ எழுதுத மருந்துச் சீட்டையே ஒருத்தனுக்கும் படிக்க முடியல!”
ஊசி மருந்தை நாலாம் பாத்தியில் கொட்டினேன். அந்தப் பாத்தி உப்பு இனி ஆகாது. போகட்டும்.

நாள் 308. மாலை 4:30
உப்பு வாருவதை நிறுத்தி நாலு நாளாகிறது. படுத்தபடியே எழுதுகிறேன். அவளும் பக்கத்தில் படுத்து மூச்சை மெல்ல இழுக்கிறாள். காற்று மீட்டர் ஒன்றரை ஆளுக்கு இறங்கியது. அப்படியும் ஒரு நாள் காற்று குறைகிறது.
எஸ்கலின்:
“பிடிவாதம் பிடிக்காதீங்க தாத்தா. சுவர்ப் பெட்டில இன்னொரு ஊசி இருக்கு. வீட்டுக்கு வர ஆசையில்லையா?”
நான்:
“வருவேன். ரெண்டு பேராத்தான் வருவேன். ரெண்டு சீட்டு போட்டு வை.”
அந்த ஊசியையும் உடைத்தேன். பாட்டு முப்பத்தொரு வரி ஆகிவிட்டது. நாற்பது என்கிறாள்.

நாள் 311
மணி பார்க்க எழ முடியவில்லை. நகம் நீலமாகிவிட்டது. எழுத்து கோணல். பாதி வரியில் அவள் இருமினாள். இங்கே வந்த பிறகு இன்றுதான் பயந்தேன். காற்று முகமூடியை அவளுக்கு வைத்தேன். கழற்றி எனக்கு வைத்தாள். மாற்றி மாற்றி வைத்துக்கொள்கிறோம்.
முப்பத்தேழு.
முப்பத்தெட்டு.

நாள் 313
கூரைக்கு மேலே ஒரு புள்ளி பெரிதாகிறது. கப்பல். மீட்டர் முள் சுழியத்தில்.
எஸ்கலின் பிள்ளைக்கு. வருகிறவர்களிடம் இரண்டு முகமூடி கொண்டுவரச் சொல். ஒன்று போதும் என்று சொல்லாதே. நான் அசையாமல் கிடந்தால் முதலில் அவளுக்கு வைக்கச் சொல்.
முப்பத்தொன்பது எழுதிவிட்டேன். கடைசி வரி அவளிடம்தான் இருக்கிறது. சொல்ல வாயைத் திறக்கிறா