வாப்பாவின் தட்டில் ஒரு மீன்

சுவா சூ காங், சிங்கப்பூர்
வெள்ளிக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பிறகு

அன்புத் தம்பி அதீஃபுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் நஸீஹாவும் பிள்ளைகளும் பெர்த்தில் சுகமாக இருக்க துஆச் செய்துவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அதில் குறை வைக்கவில்லை. இனிமேல் எழுதப் போவது எல்லாம் கோபம்தான். நின்றுகொண்டே மேய்ந்துவிட்டுப் போகாதே, உட்கார்ந்து படி.

வாட்ஸ்அப்பில் எழுதினால் உன்னிடமிருந்து ஒரு கட்டைவிரல் வரும், அதோடு சரி. போன் செய்தால் மீட்டிங். அதனால்தான் காகிதத்தில் எழுதிக் கூரியரில் அனுப்புகிறேன். உன் மச்சான், கோபம் ஆறிய பிறகு எழுது என்றார். ஆறிவிட்டால் நான் எழுதவே மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஜூரோங்கில் இருபது வருஷம் கப்பல் பட்டறைச் சத்தத்தில் வேலை பார்த்த மனிதர், என் சத்தத்துக்குப் பயந்து டிவியைக்கூடப் போடாமல் இருக்கிறார்.

போன வெள்ளிக்கிழமை நீ, வாப்பா இருக்கிற நர்ஸிங் ஹோம் மேனேஜருக்கு ஒரு ஈமெயில் போட்டாய். என் மகள் அஃப்னா குடும்பக் குரூப்பில் போட்ட வீடியோவைப் பார்த்துவிட்டு, மெஷினில் பிரிண்ட் செய்த சாப்பாட்டை வாப்பாவுக்குக் கொடுக்கக் கூடாது, அதில் ஜெலட்டின் இருக்கும், எந்த மிருகத்தில் எடுத்ததோ, ஹஜ் செய்த மனிதரின் வாயில் அதை வைக்காதீர்கள் என்று எழுதினாய். மேனேஜர் எனக்குக் காட்டினார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்க உனக்கு வாய் வரவில்லையா?

வாப்பாவின் பத்திரம் உனக்கு நினைவிருக்கும். தன்னால் முடிவெடுக்க முடியாமல் போனால் நீயும் நானும் சேர்ந்துதான் முடிவெடுக்க வேண்டும் என்று எழுதி வைத்தார். ஒருவர் மட்டும் போதாதா என்று வக்கீல் கேட்டதற்கு, வேணாம், அப்பதான் ரெண்டு பேரும் பேசிக்கிட்டு இருப்பாங்க என்று சொன்னார். நாம் பேசிக்கொள்கிற லட்சணம் இதுதான். உன் ஈமெயில் வந்த மறுநாளே அந்தச் சாப்பாட்டை நிறுத்திவிட்டார்கள்.

நீ நிறுத்தியது என்னவென்று உனக்குத் தெரியாது. வந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஸ்ட்ரோக் வந்து ஏழு மாதம் ஆகிறது. ஐந்து மணி நேர விமானப் பயணம். நீ வந்தது ஒரே ஒரு தடவை, அதுவும் மூன்று நாள்.

வாப்பாவுக்கு விழுங்கும் சக்தி போய்விட்டது. சோறு, தண்ணீர் எதுவானாலும் நுரையீரல் பக்கம் இறங்கிவிடுகிறது. இரண்டு தடவை நிமோனியா வந்தது. அதனால் எல்லாவற்றையும் அரைத்துத்தான் தருவார்கள். தட்டில் மூன்று உருண்டை இருக்கும். ஒன்று வெள்ளை, ஒன்று பழுப்பு, ஒன்று பச்சை. பழுப்பு மீனா கோழியா என்று கேட்டால் ஊட்டுகிற நர்ஸுக்கே தெரியாது. ஃபேரர் பார்க்கில் பெட்டிக் கடை திறக்கும் முன்னால் தினமும் தேக்கா மார்க்கெட்டுக்குப் போய், மீனைச் செவுள் பிரித்துப் பார்த்து, கண்ணைப் பார்த்து வாங்கிய மனிதர் அவர். அந்த உருண்டைகளைப் பார்த்துவிட்டு வாயை இறுக்கி மூடிக்கொள்வார். அறுபத்தெட்டுக் கிலோ இருந்தவர் ஐம்பத்தைந்துக்கு வந்தார்.

அப்போதுதான் தனுஷிகா வந்தாள். விழுங்கப் பயிற்சி கொடுக்கிற தெரப்பிஸ்ட், யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பிள்ளை, பொறுமைசாலி. ஹோம் சமையலறையில் ஒரு மெஷினைச் சோதனைக்கு வைத்திருக்கிறார்கள், வாப்பாவுக்கும் செய்து பார்க்கலாமா என்று கேட்டாள். பொம்மைச் சாப்பாடா என்று நானும் முதலில் முகத்தைச் சுளித்தேன். போய்ப் பார்த்தால், நம் இடியாப்ப உரல் மாதிரிதான். அரைத்த மீனைக் குழாயில் அடைக்கிறார்கள். மெஷின் அதை மெல்லிய கம்பியாகப் பிழிந்து, வரி மேல் வரியாக அடுக்கி, துடுப்பும் செதிலுமாக ஒரு மீனைச் செய்துவிடுகிறது. பக்கத்தில் கேரட், கேரட்டாகவே இருக்கிறது. நாக்கால் அழுத்தினாலே கரைந்துவிடும். வாப்பாவுக்குப் புரதம் கூடுதலாகச் சேர்த்தார்கள். பக்கத்துக் கட்டில் விஸ்வலிங்கம் ஐயாவுக்குச் சிறுநீரகக் கோளாறு, அவர் தட்டுக்கு உப்பு வேறு, அளவு வேறு. ஆளுக்குத் தகுந்த மாதிரி அந்த மெஷினிலேயே மாற்றிக்கொள்ளலாமாம்.

அது ஒன்றும் அதிசயம் இல்லை. ஒரு தட்டுக்கு இருபது நிமிஷம் பிடிக்கும். முதல் நாள் குழாய் அடைத்துக்கொண்டு, வால் இல்லாத மீன்தான் வந்தது. வாப்பா தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சிரித்தார், தம்பி. ஏழு மாதத்தில் முதல் சிரிப்பு. வஞ்சிரமா என்று கேட்டார். ஆமாம் என்றேன். முழுவதையும் சாப்பிட்டார். ஒன்பது நாளில் ஒன்றேகால் கிலோ ஏறினார்.

இப்போது உன் ஜெலட்டினுக்கு வருகிறேன். உன்னிடம் சொல்லாமல் ஆரம்பித்தது என் தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கேட்காமல் ஆரம்பிக்கவில்லை. ஹலால் விஷயத்தில் உனக்கு மட்டும்தான் அக்கறை என்று நினைத்தாயா? அந்தச் சமையலறைக்குச் சான்றிதழ் இருக்கிறது, வாசலிலேயே மாட்டியிருக்கிறார்கள். மீன் உருவம் கலையாமல் நிற்க என்ன சேர்க்கிறீர்கள் என்று கேட்டு, பாக்கெட்டைக் கையில் வாங்கிப் படித்தேன். அது கடல்பாசி. நோன்பு மாதத்தில் உம்மா பாலும் ரோஸ் சிரப்பும் ஊற்றித் தட்டில் உறைய வைத்து, டைமண்ட் டைமண்டாக வெட்டி வைப்பாரே, அதே கடல்பாசி. பாங்கு சொல்லும் முன்பே ஓரத்துத் துண்டைத் திருடித் தின்று உம்மாவிடம் அடி வாங்கியவன் நீ. முப்பது வருஷம் வயிறு நிறையத் தின்ற பொருளைத்தான் உன் வாப்பாவுக்கு ஆகாது என்று ஈமெயில் போட்டிருக்கிறாய்.

இதை விளக்கி, பாக்கெட்டின் படத்தோடு, நீ கையெழுத்துப் போட வேண்டிய சம்மதப் பாரத்தையும் சேர்த்து மேனேஜர் திங்கட்கிழமையே உனக்கு அனுப்பிவிட்டார். இன்றைக்கு வரை பதில் இல்லை. நிறுத்தச் சொல்ல உனக்கு ஐந்து நிமிஷம் கிடைத்தது. திரும்பத் தொடங்கச் சொல்ல ஐந்து நாளாகக் கிடைக்கவில்லை.

இங்கே பழையபடி மூன்று உருண்டைதான். வாப்பா வாயைத் திறப்பதில்லை. நேற்று எடை பார்த்தார்கள், ஏறியதெல்லாம் இறங்கிவிட்டது. புதன்கிழமை டாக்டர் வருகிறார். அதற்குள் அவர் சாப்பிட ஆரம்பிக்கவில்லை என்றால் மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டியிருக்கும் என்கிறார்கள். பிடுங்கிப் போடுவார் என்று அவருடைய நல்ல கைக்கும் உறை மாட்டிக் கட்டுவார்களாம். அந்த ஒரு கையில்தான் தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருக்கிறார்.

இதோடு முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். இன்னொன்றை உன்னிடம் சொல்லவே கூடாது என்று வைத்திருந்தேன். இருந்தாலும் சொல்கிறேன்.

எட்டாவது நாள், மீனை வால் பக்கமிருந்து ஊட்டிக்கொண்டு வந்தேன். தலைக்கு வந்ததும் வாயை மூடிக்கொண்டார். பிடிக்கவில்லையோ என்று மறுபடியும் ஸ்பூனை நீட்டினேன். நல்ல கையால் தட்டைத் தள்ளிவிட்டு என்னவோ சொன்னார். மூன்று தடவை சொன்ன பிறகுதான் எனக்கு விளங்கியது. தம்பிக்கு என்றார்.

நம் வீட்டில் மீன் தலை என்றைக்காவது என் தட்டுக்கு வந்திருக்கிறதா? எப்போதும் உனக்குத்தான் எடுத்து வைப்பார். அதுவாவது நிஜத் தலை. இது அரைத்த மீன், கண் இருக்கும் இடத்தில் ஒரு புள்ளிக் கேரட். தினமும் இரண்டு பஸ் மாறி வந்து ஊட்டுகிறவள் நான். அவர் எடுத்து வைக்கிறது உனக்கு. உன் மேல் ஆத்திரமா, அவர் மேலா என்று தெரியாமல் காரிடாரில் நின்று அழுதேன். அழுதுகொண்டே அந்தத் தலையை நானே தின்றேன். உள்ளே போய், தம்பி சாப்பிட்டுட்டான் வாப்பா என்று பொய் சொன்னேன். தலையை ஆட்டினார். திருப்தியாகத் தூங்கினார்.

மறுநாளும் எடுத்து வைத்தார். நீ ஈமெயில் போட்டது அன்றைக்குத்தான்.

அந்தப் பாரத்தில் கையெழுத்துப் போட்டு, புதன்கிழமைக்கு முன்னால் போட்டோ எடுத்து அனுப்பு. மேனேஜருக்கு அது போதும். வாப்பாவுக்குப் போதாது. என்னாலும் அந்தப் பொய்யைத் தினமும் சொல்ல முடியாது. நீ வந்தால் நான் திட்டுவேன்; வாசலிலேயே நிறுத்தி வைத்துத் திட்டுவேன்; அதற்குப் பயந்துகொண்டு அங்கேயே இருந்துவிடாதே. கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் எடுத்து வைக்கிற தலையை அவர் பார்க்கச் சாப்பிடு. உப்புக் குறைவாக இருக்கும். நன்றாக இருக்கிறது வாப்பா என்று சொல்.

அல்லாஹ் உன் பயணத்தை லேசாக்கி வைப்பானாக.

உன் லாத்தா,
சம்சுன்னிசா