மேனேஜர் குடித்த தண்ணீர்

அன்புள்ள மகளுக்கு,

சித்தி எழுதுகிறேன். அப்பா நலம், கடைக்குப் போய் வருகிறார், முழங்கால் வலி போன மாதத்துக்கு இப்போது தேவலை. நானும் நலம். நீயும் அங்கே குளிருக்குக் காதை மூடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு, சுகமாக இருக்க வேண்டும். வீட்டில் எல்லோரும் நலம் என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போவதுதான் வழக்கம். இந்த முறை அப்படி எழுதக் கை வரவில்லை. இந்த வீட்டில் நாங்கள் மூன்று பேர், மூன்றாவது ஆளைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நேற்று வீடியோவில் பூனையைக் காட்டச் சொன்னாய், அப்பா காட்டினார். "எப்படித் தூங்குறார் பாருங்க மேனேஜர், வேலையே பாக்காம சம்பளம் வாங்குற ஒரே ஆளு" என்று சிரித்தாய். அது தூக்கம் இல்லை. வலிப்பு வராமல் இருக்க மிருக டாக்டரம்மா போட்ட ஊசியின் மயக்கம்.

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன், நடுவில் நிறுத்தினால் தைரியம் போய்விடும். வெயில் ஏறியதும் எறும்பு வந்தது. கறுப்பு எறும்பென்றால் கவலைப்பட்டிருக்க மாட்டேன், இது கடித்தால் கொப்புளம் வைக்கிற சிவப்பு. பாத்திரம் கழுவுகிற தொட்டிக்குக் கீழிருந்து மேனேஜரின் சாப்பாட்டுக் கிண்ணம் வரை ஒரே கோடு. அவர் வாயை வைப்பார், துள்ளிப் பின்னால் போவார், தலையை உதறுவார். உதடு வீங்கியது. இந்த நேரம் பார்த்து எதிர்வீட்டுக் கடுவனோடு சண்டை போட்டுக் காதையும் கிழித்துக்கொண்டு வந்திருந்தார். ஒரு நாள் காலை ஜன்னல் வெளிச்சத்தில் படுத்திருந்தபோது பார்க்கிறேன், அந்தப் புண்மேல் எறும்பு, காதுக்குள்ளே ஒன்றன் பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருக்கிறது. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள், பூனைக் காது எம்மாத்திரம்.

எனக்குப் பூனை ஆகாது, அது உனக்குத் தெரியும். நான் இந்த வீட்டுக்கு வந்தபோது எனக்கு இருபத்தாறு, உனக்குப் பதினாலு. முதல் நாள் நீ என்னிடம் பேசியது ஒரே வாக்கியம்: "பூனை மேல மட்டும் கை வைக்காதீங்க." எட்டு வருஷம் வைக்கவில்லை. அன்றுதான் முதல்முறை வைத்தேன். ஈரத்துணியால் காதைத் துடைத்தேன், அவர் பிறாண்டவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது, அந்தப் பெருமைதான் கெடுத்தது என்று இப்போது தோன்றுகிறது.

கிண்ணத்தைத் தண்ணீர் ஊற்றிய தட்டின் நடுவில் வைக்கிறோமே, அது நீ இருந்தபோதே உள்ள ஏற்பாடு. இந்த எறும்புக்கு அது போதவில்லை. தண்ணீரில் மிதக்கும் பூனைமுடியைப் பாலமாகப் பிடித்துக்கொண்டு ஏறியது. நான் வேலை பார்க்கும் நூலகத்தில் பழைய பத்திரிகை அறையில் ஒரு வழக்கம் உண்டு. அலமாரிக் கால்கள் நாலும் தண்ணீர் டப்பாக்களில் நிற்கும், அந்தத் தண்ணீரில் உதவியாளர் ஒரு ஸ்பூன் வெள்ளைப் பொடி கலப்பார். பொடி இருக்கும் டின்னில் பெயர்ச்சீட்டு எதுவும் கிடையாது, நானும் ஒருநாளும் கேட்டதில்லை. இத்தனை வருஷத்தில் ஒரு எறும்பு அலமாரி ஏறியதில்லை. அதில் கொஞ்சம் தாளில் மடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அப்பா கூட, "லைப்ரரி மருந்தா, அப்போ மேனேஜர் இனிமே நாலு எழுத்துப் படிச்சிடுவார்" என்றார். தட்டுத் தண்ணீரில் ஒரு ஸ்பூன் கலந்தேன். அவர் குடிக்கிற தண்ணீர்க் கிண்ணம் எதிர் மூலையில் தனியாகத்தானே இருக்கிறது என்று சமாதானம் செய்துகொண்டேன். மூன்று நாள் எறும்பே இல்லை.

நாலாம் நாள் காலை அவர் காது துடித்தது. எறும்புதான் என்று ரோமத்தை விலக்கி விலக்கித் தேடினேன், ஒன்றும் இல்லை. தண்ணீரில் மிதித்தவர் போலப் பாதத்தை உதறினார். எச்சில் ஒழுகியது. மத்தியானத்துக்குள் பின்னங்கால் நிற்கவில்லை, உடம்பு முழுக்க நடுக்கம். துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடினேன். டாக்டரம்மா வாயை முகர்ந்து பார்த்துவிட்டு, "வீட்டுல எறும்புக்கு என்ன போட்டீங்க?" என்றார். தட்டில்தான் போட்டேன், சாப்பாட்டிலும் இல்லை, குடிக்கிற தண்ணீரிலும் இல்லை என்றேன். "அது எதுல குடிக்குதுன்னு நீங்க பாத்தீங்களா?" என்றார். நாயென்றால் ஓரளவு தாங்குமாம், இந்த மாதிரிப் பொடியை முறிக்கப் பூனையின் ஈரலுக்குத் தெரியாதாம்.

நீ போகும்போது சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கம், மேனேஜரை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று எழுதி ஒரு தாள் ஒட்டிவிட்டுப் போனாய். அப்பாதான் சாப்பாடு வைக்கிறார் என்று நான் பாதியோடு விட்டிருந்தேன். வீட்டுக்கு வந்து முழுதாகப் படித்தேன். ஏழாவது வரி: "மேனேஜர் தண்ணிக் கிண்ணத்தைத் தொடவே மாட்டார். சாப்பாட்டுத் தட்டுத் தண்ணியத்தான் குடிப்பார். தினமும் மாத்தணும்." நாள் முழுக்கப் படிப்பதே தொழிலாக வைத்திருப்பவள் நான். அலமாரிகள் தண்ணீர் குடிப்பதில்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

அப்பா சொன்னார், "அவகிட்டச் சொல்லிடாத. ஏதாவது ஆயிட்டா, வயசாச்சு, தூக்கத்துலயே போயிடுச்சுன்னு சொல்லிக்கலாம். இல்லேன்னா சித்தி கைன்னுதான் நெனப்பா." என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார், அவர்மேல் கோபப்படாதே. நேற்று நீ சிரித்தபோது நானும் வாயைத் திறக்கவில்லை. பொய் சொன்னது அவர் மட்டுமில்லை.

தானாக எழுந்து தண்ணீர் குடித்தால் பிழைத்துக்கொள்ளும், மூன்று நாள் பார்க்கலாம் என்றார் டாக்டரம்மா. இன்று மூன்றாம் நாள். பொடித் தண்ணீரை அன்றே அப்புறப்படுத்தித் தட்டைச் சோப்புப் போட்டுப் பலமுறை தேய்த்தேன். எறும்பு திரும்பி வந்துவிட்டது. அசையாத உடம்பு எதுவென்று அதற்குத் தெரிகிறது. கண்ணோரத்து ஈரத்துக்கு வருகிறது, வாயோரத்துக்கு வருகிறது. நான் லீவு போட்டுவிட்டு ஈரத்துணியோடு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு கோட்டைத் துடைத்தால் ஒரு சாண் தள்ளி இன்னொரு கோடு. அவற்றுக்கு அவசரமே இல்லை, மகளே. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

இன்று காலை அதே தட்டில் நல்ல தண்ணீர் ஊற்றி, நடுவில் வெறும் கிண்ணத்தை வைத்து, நீ வைப்பது போலவே பக்கத்தில் நகர்த்தினேன். சற்று முன் தலையைத் தூக்கினார். முன்னங்காலால் இழுத்து இழுத்துத் தட்டுவரை வந்தார். முகர்ந்தார். குடிக்கவில்லை, என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் உனக்கு எழுத முடியாது. அவர் கண் முன்னே தட்டில் கையை விட்டு நான் ஒரு வாய் குடித்தேன், பிறகு உள்ளங்கையில் கொஞ்சம் ஏந்தி நீட்டினேன். ஒரு தடவை நக்கினார், ஒரே தடவை. நாக்கு காய்ந்து உப்புத்தாள் போல இருந்தது. இது குடித்ததில் சேருமா என்று தெரியவில்லை. கையை இன்னும் எடுக்கவில்லை, மற்றொரு கையால் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான்.

நீ நீண்ட ஆயுளோடு நன்றாக இரு. என்மேல் கோபம் வந்தால் அடக்காதே, அது உன் உரிமை. ஆனால் ஒன்று. ஊருக்குக் கிளம்பும்போது உன் பெட்டியில் எறும்புக்கென்று ஒரு வெள்ளைப் பொட்டலம் வைத்தேனே, அதுவும் இந்த டின்னிலிருந்து எடுத்ததுதான். தூக்கிப் போடு என்று மட்டும், காரணம் சொல்லாமல், நேற்று போனில் சொன்னதற்கு, "அதை அன்னிக்கே ஜன்னலோரம் தூவிட்டேன் சித்தி" என்று சிரித்தாய். உன் வீட்டுக்காரம்மாவின் குழந்தை தவழ ஆரம்பித்துவிட்டது என்றும் நீதான் சொன்னாய். ஈரத்துணியால் துடைத்துத் துணியையும் எறி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவு. காலையிலிருந்து போன் செய்கிறேன், நீ எடுக்கவில்லை, அதனால் முடித்ததும் இதைப் போட்டோ எடுத்துப் போனிலேயே அனுப்புகிறேன். துடைத்துவிட்டேன் என்று ஒரு வரி மட்டும் அனுப்பு. மற்றதையெல்லாம் நீ எழுதினாலும் சரி, எழுதாவிட்டாலும் சரி.

உன் சித்தி