பாயில் வைத்த பிள்ளை

3 மார்ச், திங்கள்

காற்றே இல்லை. கரையில் கீரி மீன் குவியல். யுத்தம் முடிந்து, கடலுக்குப் போகப் பாஸ் கேட்கும் கெடுபிடி போன பிறகு படகுகள் கூடிவிட்டன. ஏலத்தில் வாங்கும் என்னைப் போன்ற முதலாளிமாருக்கு விலை உடைப்பது சுலபம்.

மத்தியானம் மகள் ஸம்ஹாவைக் கூட்டிவரப் பள்ளிக்கூடம். இரண்டாம் ஆண்டு, ஏழு வயது. இடைவேளையில் மீன் ஏலம் விளையாடுகிறாளாம், அச்சு அசல் நான்தானாம். டீச்சர் சொல்லிச் சிரித்தார். எனக்கும் பெருமை. ஐஸ்பழம் வாங்கிக் கொடுத்தேன்.

4, செவ்வாய்

பாலாவியிலிருந்து வரும் உப்பு லொறி வரவில்லை. மீன் காயப்போடும் என் கருவாட்டு வாடிக்கு, அங்கே வேலை செய்யும் ஜெஸீமா பிந்தி வந்தாள். மகன் இஜாஸ் பள்ளிக்கூடம் போகாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றானாம். கொஞ்ச நாளாக இதே கதை. அவனுக்குச் சோறும் இறங்கவில்லையாம்.

"குளிச்சுக் குளிச்சு உடம்பைத் தேய்க்கிறான் முதலாளி. நான் நாறுறனா உம்மான்னு கேக்குறான்."

அதட்டி அனுப்பு என்றேன். பிறகுதான் உறைத்தது. ஸம்ஹாவின் வகுப்பு அவன்.

5, புதன்

இடைவேளை நேரம், பள்ளி வேலிக்கு வெளியே பைக்கை நிறுத்திப் பார்த்தேன்.

மரத்தடியில், கரையில் மீனைப் போட்டு ஏலம் விடுவது மாதிரி ஒரு பாய். அதில் இஜாஸ், கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு, மீன் மாதிரி. என் மகள் குனிந்து அவன் காதை மடக்கிச் செவுள் பார்க்கிறாள்.

"கண் செவந்துட்டு. நேத்தைய மீன். சும்மா தந்தாலும் வேணாம்."

சுற்றிலும் மூக்கைப் பொத்திய பிள்ளைகள்.

ஒவ்வொரு சொல்லும் என்னுடையது. விலையை உடைக்கக் கரையில் தினமும் சொல்வது.

டீச்சரிடம் சொன்னேன். விளையாட்டுத்தானே, அவனும் சிரிக்கிறானே என்றார். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வெறுங்கையோடு வந்த புதிதில், முதலாளிமார் முன்னால் நானும் அப்படித்தான் சிரித்தேன்.

வீட்டில் மகள்மேல் கை ஓங்கினேன். மனைவி பிடித்துக்கொண்டாள். அடித்தால் நாளை அது அந்தப் பிள்ளைமேல்தான் விழும் என்றாள். சரிதான்.

6, வியாழன்

டீச்சரைக் கேட்டு வகுப்பில் கொஞ்ச நேரம் பேசினேன். பிரசங்கம் வராது எனக்கு. கரை வழக்கத்தைச் சொன்னேன். படகுக்காரன் தன் மீன்மேல் கை வைத்தால் ஏலம் நின்றுவிடும், எந்த முதலாளியும் வாய் திறக்க முடியாது. யாரையாவது பாயில் வைத்தால் நீங்களும் தோளில் கை வையுங்கள். 'ஏலம் இல்லை' என்று சொல்லுங்கள். ஒருவர் டீச்சரிடம் ஓடுங்கள். அந்தப் பிள்ளை சிரித்தாலும் ஓடுங்கள்.

எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள். இஜாஸின் வாய் அசையவில்லை. ஸம்ஹா நிலத்தைப் பார்த்தபடி.

7, வெள்ளி

திரும்பவும் வேலியோரம். ஸம்ஹா பாயை விரித்தாள். யாரும் கூப்பிடாமலே இஜாஸ் வந்து படுத்தான். பழகிவிட்டது.

அவள் வாயைத் திறக்கவும், முன்பல் விழுந்த ஒரு சின்னப் பெண், பெயர் தெரியாது, அவன் தோளில் கை வைத்தாள்.

"ஏலம் இல்ல."

இன்னொரு கை. பிறகு பல கைகள். ஒருவன் ஓடினான். டீச்சர் வந்து பாயைச் சுருட்டினார். ஸம்ஹா மரத்தடியில் தனியாக.

பைக்கில் திரும்பும்போது ஸம்ஹா என் முதுகில் முகத்தை ஒட்டிக்கொண்டாள்.

"வாப்பா, திங்கக்கிழம என்னைய பாயில வைப்பாங்களா?"

"வைக்கலாம்."

"அப்ப யாரு கை வைப்பா?"

"வா, மொதல்ல இஜாஸ்கிட்ட மன்னிப்பு கேப்போம்." ஜெஸீமா வீட்டுப் பக்கம் பைக்கைத் திருப்பினேன்.