டாக்டர் பார்க்கும் நாள்

டெபோஹோ,

இரவுக் காவல் முடிந்து வந்ததும் சாப்பிடு. சட்டியில் மக்காச்சோளக் களியும் கீரையும் மூடி வைத்திருக்கிறேன். ஊனமுற்றோர் உதவித்தொகைக்காக டாக்டர் என்னைப் பார்க்கும் நாள் இன்று.

நேற்று நீ, "டாக்டர் முன்னாடியே வலிப்பு வந்துட்டா கேள்வியே இல்ல, பலேசா" என்று சொன்னதும் உன்மேல் கத்திவிட்டேன். விளையாட்டாகத்தான் சொன்னாய். ஆனால் பிறகு நானும் அதையேதான் வேண்டிக்கொண்டேன். வலிப்பு வராவிட்டால், "நல்லாத்தானே இருக்கீங்க, வேலைக்குப் போங்க" என்பார். ஆலையில் கோழி வெட்டும் இயந்திரத்தின் பக்கத்தில் வலிப்பு வந்து விழுந்தவளை இனி யார் வேலைக்குச் சேர்ப்பார்கள்?

பலேசா

வாசல்வரை போய்த் திரும்பி வந்து இதை எழுதுகிறேன். தூங்கிவிடாதே, ஆஸ்பத்திரிக்கு வந்துவிடு. நான் விழுந்தால் பக்கவாட்டில் புரட்டிப் படுக்கவைக்க அங்கே யாருக்கும் தோன்றாது. வரிசையில் என் இடம் போய்விடக் கூடாது என்று நீதான் சண்டை போடுவாய்.