ஆளுக்கு இரண்டு பை

ஜூன் 9, பாஸாவ்

நாளைக் காலை கிளம்புகிறோம். டான்யூப் ஆற்றின் கரையோரமாக சைக்கிளில் வியன்னா வரை. பத்தொன்பதாவது வருடம். இரவுச் சாப்பாட்டில் என் கணவன் கொர்பீனியன் பக்கத்து மேசைக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தான்: "லோட்டேவுக்கு இதுதான் கடைசி. பாவம், முடியல அவளுக்கு. அடுத்த வருஷம் நான் சைக்கிள் கிளப் ஆளுங்களோட போயிடுவேன்."

என்னை ஒரு வார்த்தை கேட்டானா? ஐம்பத்தெட்டு வயதில் என் சைக்கிளை மூலையில் சாத்த இவன் யார்?

ஜூன் 10, ஷ்லோகன்

நாற்பத்திரண்டு கிலோமீட்டர். எதிர்க்காற்று. வயிறு எரிகிறது, எழுதியே தீர வேண்டும்.

அவன் முன்னால் போய்விடுவான். ஏதாவது வளைவில் பெஞ்சில் உட்கார்ந்து வாழைப்பழம் தின்றபடி ஆற்றில் போகிற கப்பலை வேடிக்கை பார்ப்பான். நான் மூச்சு வாங்க வந்து ஒரு காலை ஊன்றியதும், "வந்துட்டியா? சரி, கிளம்பலாம்." அவனுக்கு இருபது நிமிட ஓய்வு. எனக்கு? தண்ணீர் குடிக்கக்கூட நேரமில்லை. இன்று ஐந்து முறை! ஐந்தாவது முறை கத்திவிட்டேன்: "நான் என்ன மெஷினா?"

"உனக்காகத்தானே காத்திருந்தேன்" என்கிறான். அந்த மூஞ்சியைப் பார்க்கணுமே — ஏதோ தியாகம் பண்ணினவன் மாதிரி.

ஒரு சிறு மேட்டில் இறங்கித் தள்ளினேன். அழுகை வந்துவிட்டது. நிஜமாகவே எனக்கு முடியவில்லையோ?

ஜூன் 11, காலை

விடுதிக்கார ஹாஸ்லிங்கர் அம்மா சைக்கிளில் மாட்டும் எங்கள் பைகளை வாசலுக்குக் கொண்டுபோக உதவினாள். என் பை ஒன்றைத் தூக்கியவள் அப்படியே கீழே வைத்துவிட்டாள். "ஏம்மா, உள்ள கருங்கல்லா வச்சிருக்க?" பிறகு அவனுடைய இரண்டையும் ஒரே கையில் எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று படி இறங்கினாள்.

ஆளுக்கு இரண்டு பை. சரிபாதி என்று ஊரெல்லாம் பெருமை பேசியிருக்கிறேன். எண்ணினோமே தவிர, தூக்கிப் பார்த்தோமா? அவனுடையதில் துணி, மழைக்கோட்டு, ஸ்லீப்பிங் பேக். என்னுடையதில் ஸ்பானர், பம்பு, இரண்டு பூட்டுச் சங்கிலி, அடுப்பு, டப்பா உணவு. "ரிப்பேர் சாமான் எப்பவும் பின்னால வர்றவங்ககிட்டதான் இருக்கணும்" — முதல் வருடமே சொன்னான். சைக்கிள்காரர்கள் எல்லோரும் சொல்வதுதான். முன்னால் போகிற வண்டி பழுதாகி நின்றால் பின்னால் வருகிறவர் வந்து சேர்ந்துவிடுவாராம். மண்டையை மண்டையை ஆட்டினேன். இந்தச் சுமையால்தானே நான் பின்னால் வந்தேன்!

"சத்தியமா எனக்குத் தெரியாது, லோட்டே" என்றான். பொய் சொல்லவில்லை, என் பையை அவன் ஒருநாளும் தொட்டதில்லை. அதுதான் இன்னும் எரிகிறது.

பைகளை மாற்றி மாட்டிவிட்டேன்.

ஜூன் 11, மாலை, லின்ஸ்

வழியில் அஷாக் ஊரில் நான் ஐஸ்கிரீம் தின்று முடித்து அரை மணி நேரம் கழித்துத்தான் அவன் வந்தான். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. "காத்து... எதிர்க்காத்து." இலை அசையவில்லை.

எழுந்து கிளம்பிவிட எவ்வளவு ஆசை! ஆனாலும் அவன் மூச்சு அடங்கும்வரை உட்கார்ந்திருந்தேன். அதைக் கவனித்தானா தெரியவில்லை.

ஜூன் 12

அவனுக்கு முட்டி போய்விட்டதாம். காலை ரயிலில் ஊருக்குத் திரும்பிவிட்டான். "நீயும் வந்துடு. தனியா எப்படிப் போவ?" ஒரு பூட்டு, பம்பு, ஸ்பானர் எடுத்துக்கொண்டு மீதி இரும்பையெல்லாம் அவனோடு ரயிலில் ஏற்றிவிட்டேன். மிதித்துத்தான் போவேன் என்றேன்.

ஜூன் 14, ஸ்பிட்ஸ்

அக்கரைக்குப் போகும் படகில் என் சைக்கிளை ஏற்றிக்கொண்டிருந்தேன். ஒருவர் ஏற்கெனவே படகில் கைகட்டி நின்று, "இர்ம்கார்ட், சீக்கிரம்! எல்லாரும் உனக்காகத்தான் நிக்கறோம்!" என்று அதட்டினார். அவர் மனைவி பை தொங்கும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முகமெல்லாம் சிவந்து வந்து சேர்ந்தாள். "எனக்கு வயசாயிடுச்சு போல" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

அவளைக் கேட்காமலே அவள் பையைத் தூக்கிப் பார்த்தேன். பிறகு படகே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன்: "ஐயா, இங்க வாங்க. வந்து இதக் கொஞ்சம் தூக்குங்க!"