வெட்டாமல் விட்ட செடி

இன்று காலை கராஜில் கந்தகப் பையைப் பிரித்தேன். தீக்குச்சிப் பெட்டியைத் திறந்ததும் மூக்கில் ஏறுமே, அதே வாசனை. நீ வாங்கி வைத்த பை. அடியில் இரண்டு கையளவுதான் மிச்சம். பை தீர்கிறது என்பதற்காகக் கடிதம் எழுதுகிற ஆள் நான் இல்லை, உனக்குத் தெரியும். ஆனால் அதன்பின் பின்பக்கம் போய் ஒரு வேலை செய்தேன். அதை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நியூ ஜெர்சியில் இந்த வீட்டை வாங்கியபோதே பின்வேலி ஓரம் ஆறு செடிகள் இருந்தன. இடுப்பளவு உயரத்தில் வெறும் குச்சிகள். களை என்று நினைத்தேன். கிரகப்பிரவேசம் முடிந்து கிளம்பும்போது வாத்தியார், ஹோமச் சாம்பலைக் கால் படாத இடத்தில் போடச் சொன்னார். எங்கள் வீட்டில் கால் படாத இடம் அதுதான். போட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். சாம்பலுக்கு ஒரு இடம் கிடைத்துவிட்டது என்று, ஃபயர்ப்ளேஸில் முந்தைய உரிமையாளர் விட்டுப்போன இரண்டு வாளிச் சாம்பலையும் ஆறு செடிக்கும் சமமாகப் பங்கு வைத்தேன். வேலை சுத்தமாக முடிந்தது என்று பெருமை வேறு.

ஜூலையில் நீ இரண்டு பெட்டிகளோடு எங்கள் கீழ் அறைக்கு வந்தாய். உன் மருத்துவமனை இங்கிருந்து பதினைந்து நிமிடம். தனியாக அபார்ட்மென்ட்டில் இருந்துகொண்டு கீமோ எடுப்பது நடக்காத காரியம். கோவையில் நாலு வருடம் ஒரே ஹாஸ்டல் அறையில் கிடந்தவர்களுக்குள் இதில் பேச என்ன இருக்கிறது? மறுநாள் மெதுவாகப் பின்பக்கம் நடந்து போனாய். இலைகளெல்லாம் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தது. குனிந்து பார்த்தாய்.

"மாப்ள, இது ப்ளூபெர்ரிடா. அடியில என்ன கொட்டின?"

"ஹோமச் சாம்பல். கொஞ்சம் ஃபயர்ப்ளேஸ் சாம்பல்."

"அறிவிருக்கா? இதுக்குப் புளிப்பு மண்ணு வேணும். சாம்பல் அப்படியே உல்டா. மந்திரம் சொல்லிக் கொல்லப் பாத்திருக்க."

"செடிக்கும் ஆசீர்வாதம் வேணாமா?"

"கெமிக்கல் சீட்டு கிடைக்காம நீ கம்ப்யூட்டர்ல சேந்தது நாட்டுக்கு நல்லது."

சாம்பலைச் சுரண்டி எடுத்தோம். நான் சுரண்டினேன், நீ நாற்காலியில் உட்கார்ந்து குறை சொன்னாய். கந்தகம் தூவி, மேலே பைன் ஊசியிலைகளைப் பரப்பினோம். கந்தகம் போட்டதும் மண் மாறிவிடாது, மண்ணிலிருக்கும் பாக்டீரியா அதைத் தின்று அமிலமாக்க வேண்டும், மாதக்கணக்காகும் என்று விளக்கினாய். எனக்கு எங்கே பொறுமை? மண்ணின் புளிப்பை அளக்கும் மீட்டர் வாங்கி நாளுக்கொரு தடவை மண்ணில் குத்திப் பார்த்தேன். முள் அசையவே இல்லை.

"சும்மா சும்மா ஸ்கேன் எடுத்தா மட்டும் சரியாயிடாதுடா," என்றாய். "அனுபவஸ்தன் சொல்றேன்."

பிப்ரவரி கடைசியில் உன்னால் பின்வேலி வரை நடக்க முடியவில்லை. சமையலறை ஜன்னல் பக்கம் போர்வையோடு உட்கார்ந்து, பழைய தண்டுகள் எல்லாவற்றையும் அடியோடு வெட்டச் சொன்னாய். புதிய தண்டு கிளம்பி மறுபடி காய்க்க இரண்டு கோடையாவது ஆகும் என்று நானும் படித்திருந்தேன். அதற்கு முந்தின வாரம்தான் உன் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இலையுதிர் காலம் வரைக்கும் எதிர்பார்க்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார். அது உனக்கும் தெரியும் என்று எனக்குத் தெரியும்.

"முடியாது," என்றேன். "இந்த வருஷம் காய்க்கட்டும்."

"இந்தக் கிழட்டுத் தண்டுல என்னடா காய்க்கும்? வெட்டு. ரெண்டு வருஷத்துல அள்ளிக் கொட்டும்."

"ரெண்டு வருஷம் கழிச்சு யார்றா சாப்பிடறது?"

வாயிலிருந்து விழுந்துவிட்டது. அடுப்பருகே என் மனைவி கவிதா திரும்பவே இல்லை. நீதான் பேசினாய்.

"ஏன், உனக்கு வாய் இல்லியா? கவிதா சாப்பிடுவா. அணில் சாப்பிடும். நான் ஒருத்தன் சாப்பிடணும்னு செடியச் சாகடிப்பியா?"

ரம்பத்தை எடுத்துக்கொண்டு போனேன். ஐந்தை வெட்டினேன். ஆறாவது, ஷெட்டுக்குப் பின்னால், ஜன்னலிலிருந்து தெரியாத மூலையில் இருந்தது. அதைத் தொடவில்லை. உள்ளே வந்து, "முடிச்சாச்சு," என்றேன். உன்னிடம் நான் சொன்ன ஒரே பொய் அது என்று எழுதலாம். ஹாஸ்டல் கதைகள் தெரிந்தவன் நீ, சிரிப்பாய்.

ஜூன் கடைசியில் அந்த ஒரு செடியில் நிறம் வந்தது. வந்த அன்றைக்கே பத்துப் பழம் பறித்து ஒரு கிண்ணத்தில் போட்டு உன் மடியில் வைத்தேன். ஒன்றை வாயில் போட்டாய். முகம் சுருங்கியது.

"புளிக்குதுடா! நீலமானதுக்கப்புறம் ஒரு வாரம் செடியிலயே விடணும். அதுக்குள்ள என்ன அவசரம் உனக்கு?"

பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாய். "ஒண்ண வெட்டல. இல்ல?"

தலையாட்டினேன். திட்டு விழும் என்று நின்றேன். நீ இரண்டாவதை எடுத்தாய், மூன்றாவதை எடுத்தாய். ஒவ்வொன்றுக்கும் கண்ணை இறுக்கி, தோளைக் குலுக்கி, பத்தையும் தின்று தீர்த்தாய். கவிதா பதறிப்போய், "அண்ணா, போதும்ணா, வயித்துக்கு ஆகாது," என்றாள்.

"இரும்மா," என்றாய். "மூணு மாசமா எதப் போட்டாலும் இரும்பக் கடிச்ச மாதிரிதான் இருக்கு. உன் ரசம் கூட. இந்தப் புளிப்பு தெரியுது."

மீதியைப் பறிக்காதே, பொறு என்றாய். பொறுத்தேன். அவை இனித்தபோது நீ மருத்துவமனையில் இருந்தாய், வாய் வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது என்றார்கள். திரும்பி வரவில்லை.

வெட்டி மூன்று வருடமாகிறது. ஐந்து செடிகளிலும் என் உயரத்துக்குப் புதுத் தண்டுகள். போன கோடையில் நீ சொன்னபடியே அள்ளிக் கொட்டின, அக்கம்பக்கமெல்லாம் கொடுத்தோம். ஆறாவது மட்டும் பட்டை உரிந்து, கிளைமேல் கிளை உரசி, எண்ணி ஏழெட்டுக் காய் காய்த்தது. ஒவ்வொரு பிப்ரவரியிலும் ரம்பத்தோடு அதன் முன் நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன். இன்னும் ஒரு வருடம் விட்டால் செத்துவிடும். இன்று வெட்டினேன். அடியோடு. கவிதா கூடவே நின்றாள்.

இனிக்கும்வரை காத்திருக்க இப்போது எனக்குத் தெரியும். நம்ப மாட்டாய், மீட்டரைக் கூட யாருக்கோ கொடுத்துவிட்டேன். ஆனால் ஒவ்வொரு ஜூனிலும் நிறம் வந்த முதல் நாளே ஒன்றைப் பறித்து வாயில் போடுகிறேன். கண் தானாக இறுகுகிறது, தோள் குலுங்குகிறது. தவறான முறை, தெரியும். அந்த ஒன்றை மட்டும் பழுக்க விடுவதாக இல்லை.